வண்டி குடிக்கவில்லை, உபயோகிக்கிறது

வண்டி எண்ணெய் குடிக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது சலூன்காரரின் மனைவி. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கீழே வந்து நின்ற காரின் பின்னாலிருந்து நீலமாகப் புகை சுருண்டு வருவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உன் வண்டி என்ன சுருட்டு பிடிக்குதா?" என்று கேட்டாள்.

காரிலிருந்து இறங்கியவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், இடுப்பு உடைந்து கிடப்பவர்கள் எல்லோரையும் வீடு தேடிப் போய் மறுபடி நடக்க வைப்பது அவள் பிழைப்பு. காரின் டிக்கியைத் திறந்தால் ரப்பர் பந்துகளும், இழுத்துப் பழகும் பட்டைகளும், ஏறி இறங்கிப் பழகும் மரப்படியும் இருக்கும். கார் புதுசு. அதைத் தேர்ந்தெடுத்தவர் அவள் கணவர். மாதக்கணக்கில் வீடியோ பார்த்து, கடைகடையாக ஏறி இறங்கி வாங்கினார். பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் இவ்வளவு விசாரித்ததில்லை.

சலூன்காரர் அவளுடைய நோயாளிகளிலேயே பிடிவாதக்காரர். ஒருநாள் காலையில் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பாதி முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது வலது பக்கம் செத்துப்போய் அப்படியே சரிந்தார். பேச்சும் குழறிவிட்டது. பாதி வெட்டிய தலையோடு அந்த வாடிக்கையாளர்தான் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். முதல் சில மாதம் விடாமல் பயிற்சி கொடுத்தால் எழுந்து நிற்பார், விட்டால் விட்டதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சலூன்காரருக்கு நடப்பதெல்லாம் இரண்டாம்பட்சம். நாற்காலிக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் அவள் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைக் கண்ணாடி முன்னால் போட்டு, அதன் முதுகைப் பிடித்து நிற்கப் பழக்கினாள். அவர் காலி நாற்காலியைப் பார்த்து, "என்...ன க...ட்டிங்?" என்று கேட்பார். அவள், "சும்மா ஓரம் மட்டும் எடுங்கண்ணே" என்பாள்.

அவர் வீடு மேட்டு உச்சியில். பஸ் அடிவாரத்தோடு திரும்பிவிடும். வாடகை வண்டிக்காரர்கள் அந்தச் சாலையின் பெயரைச் சொன்னாலே போனை வைத்துவிடுவார்கள். கார் இல்லாமல் அங்கே போய்வருவது அவ்வளவு லேசில்லை.

புகை வந்த வாரத்திலேயே ஸ்டியரிங்குக்குப் பின்னால், மூக்கு வைத்த கெண்டி மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கணவர் பானெட்டைத் திறந்து அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். கம்பி வறண்டிருந்தது.

"நீ கியர் மாத்தாம இழுத்திருப்பே" என்றார்.

"நான் இழுத்தா எண்ணெய் எங்கங்க போகும்?"

"புது வண்டிம்மா. வாரண்டி இருக்கு. கவலைப்படாதே."

வாரண்டி என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் தானாகத் தணிந்துவிடும். ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கி ஊற்றினார். பத்து நாளில் கெண்டி மறுபடி எரிந்தது. இன்னொரு பாட்டில். அதற்குப் பிறகு டிக்கியில் ரப்பர் பந்துகளுக்கு நடுவில் எப்போதும் ஒரு எண்ணெய் பாட்டில் படுத்திருந்தது. ஒருநாள் அது கசிந்து பந்தெல்லாம் வழுக்கி, நோயாளி ஒருவர் கையிலிருந்து நழுவி ஓடியபோது, போதும் என்று கம்பெனியின் சேவை மையத்துக்கு வண்டியை ஓட்டிப் போனாள்.

கண்ணாடிக் கட்டடம். உள்ளே எலுமிச்சை வாசனை. ஆஸ்பத்திரிகூட இத்தனை சுத்தமாக இருந்து அவள் பார்த்ததில்லை. வண்டி பழுது பார்க்கும் இடத்தில் ஒரு பொட்டு அழுக்கு இல்லையே என்று அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வாசலில் நின்ற பெண், "எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று சொல்லி ஒரு டோக்கன் கொடுத்தாள். குடும்பத்துக்குள் போக டோக்கன் வாங்கிய எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் முறை வந்தது. கழுத்தில் டை கட்டிய ஓர் இளைஞர். மார்பில் 'உறவு ஆலோசகர்' என்ற பட்டை.

"சொல்லுங்க மேடம்."

"வண்டி எண்ணெய் குடிக்குது."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். இடமும் வலமும் பார்த்தார். "மேடம், கொஞ்சம் மெதுவா. அந்த வார்த்தையை நாங்க இங்க சொல்றதில்ல. எஞ்சின் எண்ணெய் குடிக்காது. உபயோகிக்கும்."

"சரி, அதிகமா உபயோகிக்குது."

"அதிகம்னா எதைவிட?"

"இருக்க வேண்டியதைவிட."

"இருக்க வேண்டியது எவ்வளவுன்னு கம்பெனி எங்கேயும் சொல்லலையே மேடம். அளவே சொல்லாதப்போ அளவை மீறவும் முடியாதில்ல? அந்த விதத்துல பார்த்தா உங்க வண்டி ரொம்ப ஒழுங்கா இருக்கு. வாழ்த்துக்கள்."

அவர் கையை நீட்டினார். பழக்க தோஷத்தில் அவளும் குலுக்கிவிட்டாள். குலுக்கிய பிறகுதான் எதற்கு வாழ்த்து என்று யோசித்தாள்.

"புகை வருதுங்க. விளக்கு எரியுது. பத்து நாளைக்கு ஒரு பாட்டில் ஊத்தறேன்."

ஆலோசகர் பரிவோடு தலையை ஆட்டினார். கம்ப்யூட்டரில் தட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள். 'வாடிக்கையாளர் எண்ணெயைப் பற்றி ஆர்வம் காட்டுகிறார்' என்று பதிவாகியிருந்தது.

"ஆர்வம் இல்ல சார், புகார்."

"புகார்னு ஒரு கட்டமே எங்க கம்ப்யூட்டர்ல இல்ல மேடம். ஆர்வம், பாராட்டு, இந்த ரெண்டுதான். பாராட்டுல போடட்டுமா?"

ஆர்வத்திலேயே இருக்கட்டும் என்றாள்.

ஆர்வம் காட்டியதற்குப் பலன் கிடைத்தது. அவள் வண்டி 'நுகர்வுச் சோதனை'க்குத் தேர்வாகியிருப்பதாக, ஏதோ பரிசு விழுந்த குரலில் ஒரு பெண் போன் செய்தாள். போனால், வெள்ளைக் கையுறை போட்ட நான்கு பேர் பானெட்டைச் சுற்றி நின்றார்கள். எண்ணெயை நிறைத்தார்கள். ஊற்றும் மூடியில் கம்பி கட்டி ஈயமுத்திரை வைத்தார்கள். அளவுக்கம்பிக்கும் ஒரு முத்திரை. அடியில் எண்ணெய் வடிக்கும் திருகுக்கும் ஒன்று. கடைசி முத்திரை விழுந்ததும் ஒருவர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"இப்போ ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க மேடம்" என்றார் ஆலோசகர். "அப்புறம் திறந்து பார்ப்போம், எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு."

"நடுவுல விளக்கு எரிஞ்சா ஊத்திக்கலாமா?"

"ஊத்தினா சோதனை கெட்டுடுமே. முத்திரையைத் தொட்டா வாரண்டியும் போயிடும்."

"அப்போ எண்ணெய் தீர்ந்துபோச்சுன்னா?"

"தீருதான்னு கண்டுபிடிக்கத்தானே மேடம் சோதனையே?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் மலர்ந்துபோனார். "பார்த்தியா, எவ்வளவு விஞ்ஞானபூர்வமா பண்றாங்க!"

சரியாக ஆயிரத்தில் வண்டியைக் கொண்டுவர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். முன்னே பின்னே இருந்தால் செல்லாது. அந்த நாள் அவள் மையத்துக்கு வந்து சேர்ந்தபோது கணக்குக் கொஞ்சம் குறைந்தது. சரி என்று கட்டடத்தையே சுற்றிவர ஆரம்பித்தாள். காவலாளி முதல் சுற்றில் சல்யூட் அடித்தார். இரண்டாவது சுற்றிலும் அடித்தார். ஐந்தாவது சுற்றில் யாருக்கோ போன் செய்தார். ஆயிரம் விழுந்த நொடியில் அவள் கேட்டுக்கு முன்னால் இருந்தாள். கேட் சாத்தியிருந்தது. சாப்பாட்டு இடைவேளை. இடைவேளை முடிந்து கேட் திறந்து, வளைந்து வளைந்து மேலே ஏறும் சரிவில் போய், அளக்கும் மேடையில் நிறுத்தியபோது கணக்குக் கொஞ்சம் கூடியிருந்தது.

வெள்ளைக் கையுறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கையுறைகளைக் கழற்றிவிட்டார்கள்.

"சாரி மேடம்" என்றார் ஆலோசகர். "தாண்டிட்டீங்க."

"உங்க கேட்டுக்குள்ளதானே தாண்டினேன்!"

"எங்க தாண்டினீங்கங்கறதை மீட்டர் காட்டாதே மேடம்."

மறுபடி முத்திரை வைப்பதற்கு முன்னால் 'முழுமையான பரிசோதனை' என்று வண்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள். அவள் பஸ்ஸில் போனாள். மேட்டுச் சாலையில் மரப்படியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். ஏறி முடிப்பதற்குள் பொழுது பாதி போய்விடும். அதனால் தினம் போன இடத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போனாள். பிறகு வாரம் இரண்டு தடவை. சலூன்காரரின் கால் அந்த இடைவெளியைக் கவனித்துக்கொண்டே இருந்தது. நிற்கும்போது பாதம் உள்பக்கமாக மடங்க ஆரம்பித்தது. நாற்காலி முதுகைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டுகொண்டன.

"வண்...டி வந்து...டுமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

"வந்துடும்ணே. பார்த்துக்கிட்டு இருக்காங்க."

வண்டி வரவில்லை, அழைப்பு வந்தது. எண்ணெயில் ஆர்வம் காட்டும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு விழிப்புணர்வு வகுப்பு. கணவர் தலையில் எண்ணெய் தடவி, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு அவளோடு கிளம்பினார். மண்டபத்தில் உட்கார இடமில்லை. பின்சுவர் ஓரமாக நிற்கிறவர்கள் கையிலெல்லாம் அதே கம்பெனியின் சாவி. ஒருவர் சட்டைப் பையில் ஒரு சிறிய எண்ணெய் பாட்டில் எட்டிப் பார்த்தது.

மண்டல மேலாளர் மேடைக்கு வந்தார். பருத்த, சந்தோஷமான மனிதர். மைக்கைத் தட்டினார்.

"உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா பேசற மாதிரி நினைச்சுக்கோங்க. நான் உறுதியா சொல்றேன். இந்த மாடல்ல உங்க ஒருத்தருக்குத்தான் இந்த அனுபவம். உலகத்துல வேற யாருக்கும் இல்ல."

மண்டபம் முழுக்க ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒருவர் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேலாளர் தொடர்ந்தார். "உங்க வீட்டுல குழந்தை நல்லா சாப்பிட்டா டாக்டர்கிட்டயா ஓடுவீங்க? சந்தோஷப்படுவீங்க. எஞ்சினும் ஒரு உயிர் மாதிரிதான். எண்ணெய் குறையற ஒவ்வொரு தடவையும் உங்க எஞ்சின் உங்களுக்காக உழைச்சிருக்குன்னு அர்த்தம். எண்ணெய் குறையாத வண்டி வச்சிருக்கறவங்களை நினைச்சா எனக்குப் பாவமா இருக்கு. அவங்களுக்கும் அவங்க வண்டிக்கும் எந்தப் பேச்சுவார்த்தையும் இல்ல."

கேள்வி கேட்கலாம் என்றார்கள். அவள் கையைத் தூக்கினாள்.

"சார், வெளியில எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்குங்கறாங்க. அதை மாத்தினா சரியாயிடும்னு சொல்றாங்க."

கணவர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். மேலாளர் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"ரிங்தான் மேடம். சந்தேகமே வேண்டாம். எங்க மெக்கானிக் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தலைமை அலுவலகத்துலயும் எல்லாருக்கும் தெரியும். ஆனா கம்பெனிக்கு இன்னும் தெரியாது."

"எல்லாருக்கும் தெரிஞ்சா அப்புறம் கம்பெனிங்கறது யாரு சார்?"

"அருமையான கேள்வி. நான் சேர்ந்த புதுசுல நானும் கேட்டிருக்கேன். அப்படிக் கேட்டவங்க யாரும் இப்போ எங்ககூட இல்ல, என்னைத் தவிர. நான் கேட்கறதை நிறுத்திட்டேன். காபி குடிச்சிட்டுப் போங்க."

காபி நன்றாக இருந்தது. கணவர் இரண்டு கப் குடித்தார்.

வண்டி திரும்பி வந்தது, புது முத்திரைகளோடு. அவள் அன்றைக்கே மேட்டுக்குப் போனாள். சலூன்காரர் ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தார். கார் சத்தம் கேட்டதும் இடது கையால் ஜன்னல் கம்பியைத் தட்டினாராம். மறுநாளிலிருந்து தினமும் போனாள். சுருண்ட விரல்களை நீவி நீவி விரித்தாள். மடங்கிய பாதத்துக்குப் பட்டை கட்டினாள். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அவள் மெதுவாகக் கையை எடுக்க, தானாக நின்றார். அதிக நேரம் இல்லை. ஆனாலும் நின்றார். அவர் மனைவி சமையலறை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

அடுத்த வாரம் மேட்டில் பாதி ஏறும்போது கெண்டி எரிந்தது.

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். கொஞ்ச நேரம் இசை கேட்டது. பிறகு ஒரு குரல்.

"சொல்லுங்க மேடம், உங்கள் பயணம் இனிதாக இருக்கிறதா?"

"எண்ணெய் விளக்கு எரியுது. சோதனைக்குன்னு சீல் வச்சிருக்கீங்க. சீலை உடைச்சு எண்ணெய் ஊத்திக்கட்டுமா?"

"சீலை உடைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லைங்க மேடம்."

"சரி, வண்டியை இங்கேயே விட்டுடறேன். வந்து எடுத்துட்டுப் போங்க."

"ஓடாத வண்டியைத்தான் மேடம் எடுக்க வருவோம். உங்க வண்டி இப்போ ஓடுதா?"

"ஓடுது. ஆனா ஓட்டினா கெட்டுடும்."

"கெட்டதும் கூப்பிடுங்க மேடம். உடனே வந்துடுவோம்."

கணவருக்குப் போன் செய்தாள். அவர் அலறினார். "தொட்டுடாதே! நீ பாட்டுக்குக் கம்பியை அறுத்துடாதே! இவ்வளவு நாள் பொறுத்தோம், இன்னும் கொஞ்ச தூரம்தான். மெதுவா ஓட்டு."

அவள் டிக்கியைத் திறந்து எண்ணெய் பாட்டிலைக் கையில் எடுத்தாள். பானெட்டைத் தூக்கினாள். ஈயமுத்திரை சின்னதுதான். நகம் வெட்டியால்கூட அறுத்துவிடலாம். கையில் எண்ணெய் இருக்கிறது, எதிரே எண்ணெய்க்கு ஏங்கும் எஞ்சின் இருக்கிறது, நடுவில் ஒரு சுண்டுவிரல் நீளக் கம்பி. இத்தனை நாளில் முத்திரை வைத்த பொருளைத் தொடாமல் இருக்க அவளும் பழகிப்போயிருந்தாள். அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

கடைசி வளைவில் எஞ்சின் கரகரவென்று இருமியது. பிறகு ஏதோ உள்ளே ஒடிகிற சத்தம். பிறகு எதுவும் இல்லை. வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு மரப்படியை முட்டுக்கொடுத்துவிட்டு அவள் நடந்தாள்.

சலூன்காரரின் மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவர் ஜன்னலில் காத்திருந்திருக்கிறார். கார் மேடு ஏறும் சத்தம் கேட்டிருக்கிறது, பிறகு நின்றிருக்கிறது. இதோ வந்துவிட்டாள், வரும்போது நின்றுகொண்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எழுந்து நாற்காலியைப் பிடித்திருக்கிறார். பிடிக்க ஆள் இல்லாத நாற்காலி அவரோடு சேர்ந்து சாய்ந்துவிட்டது. அவள் உள்ளே போனபோது அவர் கண்ணாடிக்கு முன்னால் ஒருக்களித்துக் கிடந்தார். கண்கள் திறந்தே இருந்தன. அவர் கால் கிடந்த கோணத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பு.

எஞ்சின் நின்றுபோன வண்டியைக் கம்பெனி சொன்னபடியே உடனே வந்து எடுத்துக்கொண்டு போனது. நாலு நாள் கழித்து அவளையும் கணவரையும் வரச் சொன்னார்கள். மேலாளரே வாசல்வரை வந்து வரவேற்றார். மேடையில் அவள் கார், கழுவித் துடைத்து, மேலே சிவப்பு ரிப்பன் கட்டி நின்றது. பக்கத்தில் போட்டோகிராபர்.

"சரி பண்ணிட்டீங்களா?" என்று கணவர் ஆவலாகக் கேட்டார்.

"சார், உங்க ஆர்வம் என்ன? எஞ்சின் எண்ணெயை உபயோகிக்குதுன்னு. இப்போ உபயோகிக்குதான்னு பாருங்க. சொட்டுகூட உபயோகிக்கல. எங்க மையத்திலேயே இவ்வளவு குறைஞ்ச நுகர்வு இதுவரைக்கும் பதிவானதில்ல."

"ஓடவே இல்லையே சார்!" என்றாள் அவள்.

"அது வேற விஷயம் மேடம். ஓடலைங்கறது நீங்க இதுவரைக்கும் சொல்லாத விஷயம். அதைப் புதுசாப் பதிவு பண்ணணும். ஆனா அதுக்கு வாரண்டி பொருந்தாது. எண்ணெய் இல்லாம ஓட்டினது உரிமையாளரோட கவனக்குறைவு."

"நீங்கதானே சீல் வச்சீங்க?"

"அதை உடைக்காம மதிச்சீங்க பாருங்க, அதுக்குக் கம்பெனி சார்பா மனசார நன்றி. ஆனா எண்ணெயை அப்பப்போ திறந்து பார்த்துக்கறது உங்க கடமை."

"சீல் இருக்கும்போது எப்படி சார் திறந்து பார்க்கறது?"

மேலாளர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இதையும் வகுப்புல எடுத்துக்கலாம்" என்றார். பிறகு அவர்கள் கையில் கம்பெனியின் உயர்ரக எஞ்சின் எண்ணெய் டப்பா ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். கேமரா பளிச்சிட்டது. கணவர் அந்த வெளிச்சத்தில் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்தபிறகு, தான் ஏன் சிரித்தோம் என்று அவளிடம் இரண்டு மூன்று தடவை கேட்டார். அதன்பிறகு வாரண்டியைப் பற்றி அவர் பேசவே இல்லை. சாயங்காலங்களில் பெரும்பாலும் எதைப் பற்றியும் பேசுவதில்லை.

சலூன்காரருக்கு இடுப்பில் தகடு வைத்தார்கள். இனி நிற்பதைப் பற்றிப் பேச வேண்டாம், உட்கார வைக்க முடிந்தாலே நல்லது என்றார் டாக்டர். நல்ல மாதங்கள் போய்விட்டன என்பதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். கடையை வேறு ஒருவருக்கு விட்டுவிட்டதாகச் சலூன்காரரின் மனைவி சொன்னாள். நாற்காலியையும் சேர்த்தே கொடுத்துவிட்டாளாம்.

அவள் தினமும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். படுக்கையிலேயே அவர் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துவிட்டாள். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்படி ஒருநாள் அசைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வணக்கம் மேடம். உங்கள் வண்டியின் எண்ணெய் சம்பந்தமான ஆர்வம் வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்?"

சலூன்காரர் இடது கையை நீட்டிப் போனைக் கேட்டார். அவள் அதை அவர் வாயருகே பிடித்தாள். அவர் பேசினார். விழுந்ததிலிருந்து இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசாத மனிதர், மூச்சு வாங்கி வாங்கி, எச்சில் வழிய, நீளமாகப் பேசினார். சலூனில் நாற்பது வருஷம் காதில் விழுந்த அத்தனை கெட்ட வார்த்தையும் அதில் இருந்தது. அந்தப் பெண்ணை அல்ல, மேலாளரை அல்ல, கம்பெனி என்று ஒன்று எங்காவது இருந்தால் அதைத் திட்டினார். பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். பேசி முடித்தபோது சலூன்காரரின் முகம் வேர்த்துக் கொட்டியது.

மறுமுனையில் கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது.

"சார், நீங்க சொன்னது சரியா விளங்கல. விளங்காத பதிலை எல்லாம் பத்துன்னு போட்டுக்கச் சொல்லியிருக்காங்க. போட்டுக்கறேன் சார். எங்கள் குடும்பத்தில் இருப்பதற்கு நன்றி."

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு கணுக்காலைப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து அசைக்க ஆரம்பித்தாள்.